மூன்றாவது வளைவில் நின்ற மாலை: ஒரு ஸ்லாட் கார் பந்தய அனுபவம்

எல்லாருக்கும் வணக்கமுங்க. எனக்கு ஊர் கோயம்புத்தூர். வேலை ஜெர்மனியில், நியூரம்பெர்க்கை ஒட்டிய ஃப்யூர்த் நகரில். எங்கள் அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒரு பெரியவர் வீட்டு நிலவறையில், நவம்பர் பிறந்துவிட்டால் மாதம் ஒரு சனிக்கிழமை ஸ்லாட் கார் பந்தயம், அதாவது கரண்டில் ஓடும் பொம்மைக் கார்களின் பந்தயம், நடக்கும். நாங்கள் ஆறு பேர். பரிசு என்று ஒன்றும் கிடையாது. ஜெயித்தவர் பெயரைச் சுவரில் தொங்கும் கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுவார்கள். அடுத்த மாதம் வரை அது அழியாமல் இருக்கும், அவ்வளவுதான். போன மார்கழியில் அந்தப் பலகையில் என் பெயர் வர வேண்டிய மாலையைப் பற்றித்தான் எழுதுகிறேன்.

பார்க்காதவர்களுக்காக ஒரு வார்த்தை. பாதை நெடுக ஒவ்வொரு காருக்கும் ஒரு காடி, அதாவது ஒடுக்கமான பள்ளம், ஓடும். காடியின் இரு பக்கமும் மெல்லிய உலோகப் பட்டை. காரின் மூக்குக்கு அடியில் ஒரு பிளாஸ்டிக் நாக்கு காடிக்குள் இறங்கியிருக்கும், அதன் இருபுறமும் பின்னல் செம்புக் கம்பி பட்டையைத் தொட்டுக் கரண்ட் எடுக்கும். இந்தப் பின்னலை இங்கே ஷ்லைஃபர் என்கிறார்கள். ஸ்டீயரிங் இல்லை, பிரேக் மிதி இல்லை. கட்டைவிரலால் அமுக்கும் விசை ஒன்றுதான் கையில். எப்போது அமுக்குவது என்பதை ஒரே நாளில் கற்றுக்கொள்ளலாம். எப்போது விடுவது என்பதற்கு எனக்கு ஒரு குளிர்காலம் முழுக்க ஆனது.

பெரியவருடைய பாதை கரேரா. அந்தப் பெயரில் இந்த ரேஸ் பாதை 1963இல் வெளிவந்தது இதே ஃப்யூர்த்தில்தான், தகரப் பொம்மை செய்துகொண்டிருந்த நொய்ஹியர்ல் குடும்பத்தின் கம்பெனியிலிருந்து. பெரியவருக்கு முதல் பெட்டியை வாங்கித் தந்தவர் அவருடைய அப்பா. அந்தக் காலத்துக் கார் ஒன்று இன்னும் கண்ணாடி அலமாரியில் இருக்கிறது, சக்கர ரப்பர் காய்ந்து கல்லாகிவிட்டது. இப்போது நாங்கள் ஓட்டுவது 1:32 அளவுக் கார்கள், அசல் காரில் 32இல் ஒரு பங்கு. பலகை மேல் நான்கு தடம், ஒரு சுற்று ஏறக்குறைய 16 மீட்டர், நன்றாக ஓட்டினால் ஏழு விநாடிக்குக் கொஞ்சம் மேல்.

முதல் நாள் அந்த நிலவறைக்குள் இறங்கியபோது மூக்கில் ஏறிய வாசனை என்னை அப்படியே கோயம்புத்தூர் கணபதியில் எங்கப்பாவின் மோட்டார் வைண்டிங் கடைக்குக் கொண்டுபோய் விட்டது. மிக்ஸி மோட்டாரில் கார்பன் பிரஷ், கம்யூட்டேட்டர் என்ற சுழலும் செம்பு வளையத்தை உரசிப் பொறி பறக்கும்போது வருமே, அதே வாசனை. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உப்புத்தாளால் கம்யூட்டேட்டர் தேய்ப்பதுதான் என் வேலையாக இருந்தது. இந்தக் கார்களின் கட்டைவிரல் அளவு மோட்டாருக்குள்ளும் கம்பி சுற்றிய அதே ஆர்மேச்சர், அதே கம்யூட்டேட்டர். அப்பாவிடம் போனில் சொன்னபோது அவர் கேட்ட முதல் கேள்வி, "பிரஷ் எத்தனை நாளைக்குத் தாங்குதுங்களாம்?"

கார் ரேஸ் எனக்குப் புதிதில்லை. கல்லூரி நாட்களில் கோவை செட்டிபாளையத்துக் கார் பந்தய மைதானமான கரி ஸ்பீட்வேயில் வெயிலில் நின்று பார்த்தவன்தான். அதனாலேயே முதல் நாள் விசையை அடிவரை அமுக்கினேன். கார் முதல் வளைவிலேயே பறந்து சுவரில் மோதியது. இத்தனைக்கும் அன்று காரின் அடியில் காந்தம் இருந்தது. காந்தம் பட்டையைப் பிடித்து இழுப்பதால் கார் ரொம்ப வேகம் வரை ஒட்டிக்கொண்டே போகும், எல்லை தாண்டினால் முன்னறிவிப்பே இல்லாமல் பிய்த்துக்கொள்ளும். அடுத்த மாதம் பெரியவர் ஸ்க்ரூவைக் கழற்றிக் காந்தத்தை எடுத்துவிட்டுக் கொடுத்தார். சுற்று நேரம் கூடியது. ஆனால் வளைவில் பின்பக்கம் மெதுவாக வெளியே ஒதுங்குவது கண்ணுக்குத் தெரிந்தது, விரலைக் கொஞ்சம் தளர்த்தினால் திரும்பி வந்தது. எனக்குக் காந்தம் இல்லாத கார்தான் கார். இதில் என்னோடு சண்டைக்கு வருபவர்கள் உண்டு, வரட்டும்.

இனி போட்டி. நான்கு தடமும் ஒரே நீளம் இல்லை. உள்தடம் குட்டை, ஆனால் வளைவு இறுக்கம். வெளித்தடம் நீளம், ஆனால் விரட்டி ஓட்டலாம். ஆகவே ஒவ்வொருவரும் நான்கு தடத்திலும் மும்மூன்று நிமிடம் ஓட்டி, மொத்தச் சுற்றைக் கூட்ட வேண்டும். நேரம் முடிந்ததும் கரண்ட் நிற்கும், கார் எந்தத் துண்டில் நிற்கிறதோ அதுவும் கணக்கு. அதற்காகவே பாதைத் துண்டுகளில் 1 முதல் 42 வரை எண் ஒட்டியிருக்கிறார். நான்கு பேர் ஓட்டும்போது மீதி இரண்டு பேர் வளைவுகளில் நின்று, தடம் புரண்ட காரை எடுத்துக் காடியில் வைக்க வேண்டும். அந்த வேலைக்கு இங்கே ஐன்செட்ஸர் என்று பெயர். வைப்பவர் என்று அர்த்தம்.

சாப்பாட்டுக்கும் சட்டம் உண்டு. நான் ஊரிலிருந்து வந்த முறுக்கு டப்பாவை முதல் முறை கொண்டுபோனபோது எல்லாருக்கும் பிடித்துப்போனது, அரை மணி நேரத்தில் ஒரு முறுக்குத் துணுக்கு காடியில் விழுந்து இரண்டு கார் எகிறிப் போயிற்று. அன்றிலிருந்து முறுக்கும், லெப்கூகன் என்ற இந்த ஊர் மசாலா கேக்கும் மாடிப்படிக்கு அந்தப் பக்கம்தான். கை துடைத்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும்.

அன்று வரிசைப்படி முதல் நான்கு ஓட்டமும் எனக்கு வந்தது. என் வாழ்க்கையிலேயே நன்றாக ஓட்டிய நாள் அது. ஒரே ஒரு முறைதான் காடியை விட்டேன். 97 சுற்று, 11 துண்டு. மற்றவர்கள் ஒவ்வொருவராகப் பின்தங்கினார்கள். மிச்சமிருந்தது பெரியவரின் பேத்தி மட்டும். பன்னிரண்டு வயது, கண் இமைக்காமல் ஓட்டுவாள். கடைசி ஓட்டம் அவளுக்கு உள்தடத்தில். நான் மூன்றாவது வளைவில் ஐன்செட்ஸர்.

ஒன்றரை நிமிடம் போயிருக்கும். அவளுடைய நீலக் கார் சரியாக என் முன்னால் பின்பக்கம் வீசி, காடியை விட்டுக் கவிழ்ந்து, பாதைப் பலகையிலிருந்து என் காலடியில் விழுந்தது. கையில் எடுத்தேன். ஒரு பக்கத்து ஷ்லைஃபர் மடங்கி நாக்குக்கு அடியில் சிக்கியிருந்தது. அப்படியே வைத்தால் யாரும் குறை சொல்ல முடியாது. என் வேலை வைப்பதுதான், பழுது பார்ப்பதில்லை. கார் விட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கும், என் பெயர் பலகையில் ஏறியிருக்கும். இதை நான் யோசித்தேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. ஒரு மூச்சு நேரம் யோசித்தேன்.

அவள் என்னைப் பார்க்கவே இல்லை. காடியையே பார்த்துக்கொண்டு, விசையில் கட்டைவிரலை வைத்தபடி காத்திருந்தாள். கார் உடனே வரும் என்பதில் அவளுக்குச் சந்தேகமே இல்லை. நகத்தால் பின்னலை நீவி நேராக்கி, நுனியைக் கொஞ்சம் விரித்து, காடியில் இறக்கினேன். கை எடுக்கும் முன்பே கிளம்பிவிட்டது.

கரண்ட் நின்றபோது 97 சுற்று, 15 துண்டு. நான்கு துண்டு வித்தியாசம், ஒரு மீட்டர் சொச்சம். பெரியவர் பலகையில் பேத்தி பெயரை எழுதினார். பிறகு என் பக்கம் வந்து, "ஷ்லைஃபரா?" என்று மெல்லக் கேட்டார். தலையாட்டினேன். அவர் வேறொன்றும் சொல்லவில்லை, அலமாரியைத் திறந்து அந்தப் பழைய காரை எடுத்து என் கையில் கொடுத்தார், பார்ப்பதற்கு. நான் போன மூன்று வருஷத்தில் வேறு யார் கையிலும் அதைக் கொடுத்து நான் பார்த்ததில்லை.

*

லண்டன், ஈஸ்ட்ஹாமிலிருந்து ஒருவர்:

வாசிச்சு முடிக்க எனக்குக் கண் கலங்கிப் போச்சுது அண்ணை. எங்கட வீட்டில இருக்கிறது ஸ்கேலெக்ஸ்ட்ரிக். 1957இல இங்க வந்த சாமான், இங்கத்தையில ஆக்கள் அந்தப் பேரைச் சொல்லித்தான் எல்லா ஸ்லாட் காரையும் கூப்பிடுவினம். நான் ஒரு கார் பூட் சேலில, ஆக்கள் பழைய சாமானைக் காரில கொண்டுவந்து விக்கிற சந்தையில, பழைய பெட்டி ஒண்டு வாங்கி, துருப்பிடிச்ச பட்டையை ரெண்டு நாள் இருந்து தேய்ச்சு எடுத்தனான். பிறகு புதுத் துண்டு வாங்கினால் பழைய ரகத்தோட பொருந்தேல்லை, இடையில போட மாற்றுத்துண்டு தேட வேண்டியதாப் போச்சு.

நத்தாருக்கு, கிறிஸ்மஸுக்கு, மச்சான்மாரும் பிள்ளையளும் வருவினம். பெரிசுகள் நல்லா விளையாடும். சின்னதுகள் ஒவ்வொரு வளைவிலயும் காரைப் பறக்க விட்டிட்டு, அழுதுகொண்டு எழும்பிப் போகுதுகள். என்ன செய்யலாம் எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ.

*

கோவைக்காரர் பதில்:

அழ விடாதீங்க தம்பி, வழி இருக்கு. சின்னவங்க காரில் காந்தத்தைக் கழற்றவே வேண்டாம். வோல்டேஜைக் குறைக்கிற வசதி இருந்தால் அவங்க தடத்துக்கு மட்டும் குறைச்சு வையுங்க. இங்கே எங்கள் அடாப்டர் 14.8 வோல்ட், பிள்ளைங்க வந்தால் பெரியவர் 10 வரை இறக்கிடுவார், அடிவரை அமுக்கினாலும் கார் காடியை விட்டுப் போகாது. பின்சக்கரத்தை ஒட்டுநாடாவில் நாலு தடவை உருட்டித் தூசி எடுங்க, பிடிப்பு உடனே தெரியும். மேல்மூடி ஸ்க்ரூவை அரைச் சுற்றுத் தளர்த்திப் பாருங்க, மூடி லேசாக ஆடினால் வளைவில் கார் கவிழ்வது குறையும். பின்னல் பிசிறாகி இருந்தால் கத்தரித்துவிட்டு நுனியை விசிறி மாதிரி விரிச்சு விடுங்க.

இன்னொன்று. சின்னவங்களை முதலில் ஓட்ட விடாமல் வளைவில் நிற்க வையுங்க. பெரியவங்க காரை எடுத்து எடுத்து வைக்கும்போது எந்த இடத்தில் எந்த வேகத்தில் கார் பறக்குதுன்னு அதுங்களே பார்த்துக்கும். பேத்தி அப்படித்தான் ஆறு வயசில் ஆரம்பிச்சாளாம். முதல் குளிர்காலம் முழுக்க மூன்றாவது வளைவுதான் அவளுக்கு.