மாசியில் மன்னார் தீவு: சனி, ஞாயிறு இரண்டு நாள் போதுமா?

கேள்வி – அட்டன் தேயிலைக்காரன்:
மாசி கடைசியில் மன்னார் தீவுக்குப் போய்ப் பூநாரை பார்க்க மூன்று பேர் யோசிக்கிறோம். வெள்ளி இரவு புறப்பட்டால் ஞாயிறு இரவு வீடு வந்து சேரலாமா? எங்களுக்கு மலைக்காட்டுப் பறவைகள்தான் பழக்கம்.

பதில் – பண்டாரவளை அக்கா:
போகலாம் தம்பி. கண்டி, தம்புள்ளை, மதவாச்சி வழியாகப் போங்கள். தீவுக்குப் படகு வேண்டாம், பாலம் இருக்கிறது. ஆனால் தீவுக்குள் நுழைய அவசரப்படாதீர்கள், அதற்கு முன்னாலேயே பாலத்துச் சாலையின் இரு பக்கமும் வங்காலைச் சரணாலயம், 2010இல் ராம்சார் ஈரநிலமாக, அதாவது உலக முக்கியத்துவம் உள்ள ஈரநிலமாக அறிவித்த இடம், பாதி நாளை அங்கேயே செலவழிக்கலாம். பூநாரை தலையைக் கவிழ்த்து, அலகைத் தலைகீழாகச் சேற்றில் வைத்து அரித்துத் தின்னும், அதைப் பைனாகுலரில் பார்த்தபோது நான் மூச்சு விடவே மறந்தேன். பத்து மணிக்குப் பிறகு வெயிலில் கானல் எழுந்து எல்லாம் நெளியும், அதனால் விடியலிலேயே நில்லுங்கள்.

பதில் – நுவரெலியா குருவி:
அக்கா சொன்னது சரி. தலைமன்னார்ப் பக்கமும் போங்கள், நண்டு தின்னும் கரைப்பறவையான நண்டுண்ணி கிடைத்தால் பெரிய பாக்கியம். ஊசிவால் வாத்துகளும் பங்குனி கடைசிக்குள் வடக்கே கிளம்பிவிடும், தள்ளிப்போடாதீர்கள். அப்புறம், இதே மாதங்களில் இங்கே விக்டோரியா பூங்காவில் காஷ்மீர் ஈப்பிடிப்பானும் ஆறுமணிக்குருவியும் நிற்கின்றன. ஓடைக்கரையில் பேசாமல் உட்கார்ந்தால் ஆறுமணிக்குருவி சருகைக் கிளறிக்கொண்டு காலடிக்கே வரும்.

அட்டன் தேயிலைக்காரன்:
நன்றி அக்கா, நன்றி அண்ணா. அப்படியென்றால் திங்களும் லீவு போடுகிறோம்.