வின்செஸ்டர் 1890, .22 ஷார்ட்: சேம்பரைக் கடைந்து லாங் ரைஃபிளுக்கு மாற்றலாமா?

எட்டுப்பட்டை எழுதியது:

மாமாவிடம் இருந்த பழைய பம்ப் துப்பாக்கி (முன்பிடியைப் பின்னே இழுத்து முன்னே தள்ளித் தோட்டா ஏற்றும் வகை), உரிமப் பெயர் மாற்றமெல்லாம் முடிந்து, போன மாதம் என் கைக்கு வந்தது. வின்செஸ்டர் மாடல் 1890. 24 அங்குல எட்டுப்பட்டை பேரல், வெளியே தெரியும் ஹேமர், அடியில் தோட்டாக்கள் வரிசையாக நிற்கும் குழாய் மேகஸின். சின்ன வயதில் மாமா இதைத் துடைப்பதை எத்தனையோ நாள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். தொடவிடமாட்டார், முன்பிடியின் வரிகளை மட்டும் விரலால் தடவிப் பார்க்க விடுவார். இப்போது அதே வரிகள் தேய்ந்து பாதி வழவழப்பாக இருக்கின்றன.

சிக்கல் இதுதான். பேரலின் மேல்பட்டையில் 22 ஷார்ட் என்று பொறித்திருக்கிறது, .22 தோட்டாவில் குட்டை வகை அது. என்னிடம் ஏற்கனவே ஒரு பிர்னோ போல்ட் துப்பாக்கி (பக்கத்துக் கைப்பிடியை இழுத்துத் தோட்டா ஏற்றும் வகை) இருப்பதால் வீட்டில் லாங் ரைஃபிள் என்ற நீளமான வகைத் தோட்டாதான் இருக்கிறது, ஷார்ட் தேடினால்தான் கிடைக்கும். பழுது பார்ப்பவர் ஒருவரிடம் காட்டினேன். சேம்பரை, அதாவது பேரலின் பின்முனையில் தோட்டா உட்காரும் இடத்தை, கொஞ்சம் ஆழமாகக் கடைந்துவிட்டால் லாங் ரைஃபிள் போடலாம், ஒரு மணி நேர வேலை என்றார். கூடவே வெளியே பழுப்பேறியிருப்பதைத் தேய்த்துப் புது நீலம் (துருவைத் தடுக்க இரும்பில் ஏற்றும் கருநீல நிறம்) ஏற்றித் தருகிறேன் என்றும் சொன்னார். பேரலுக்குள் பார்த்தால் மரை (குண்டைச் சுழல வைக்கும் சுருள் வரிகள்) தெரிகிறது, ஆனால் மங்கலாக, அங்கங்கே புள்ளி புள்ளியாக அரித்திருக்கிறது.

எனக்கு இதை அலமாரியில் வைத்துப் பூட்ட ஆசை இல்லை. சுட வேண்டும். கடையக் கொடுக்கலாமா?

மார்ட்டினி பிரியன் எழுதியது:

கொடுக்காதீர்கள். முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன், காரணம் அப்புறம். ஏற்கனவே கொடுத்துவிட்டிருந்தால் இன்றைக்கே போய்த் திரும்ப வாங்கி வந்துவிடுங்கள்.

1890இல் சேம்பர் மட்டும் ஷார்ட்டுக்கானது இல்லை. தோட்டாவைக் குழாயிலிருந்து வாங்கி மேலே தூக்கிக் கொடுக்கும் கேரியரும் அந்த ஒரு நீளத்துக்கு மட்டுமே செய்தது. லாங் ரைஃபிளின் முழு நீளம் ஒரு அங்குலம், அதாவது 25 மில்லிமீட்டருக்குச் சற்று அதிகம். ஷார்ட் அதைவிட எவ்வளவோ குட்டை. சேம்பரை எவ்வளவு கடைந்தாலும் ஷார்ட் கேரியர் லாங் ரைஃபிளை ஏற்றாது. கையால் ஒவ்வொன்றாகத் திணித்துச் சுடும் ஒற்றைத் துப்பாக்கியாகத்தான் மிஞ்சும். பம்ப் அடிக்க முடியாத பம்ப் துப்பாக்கியை வைத்து என்ன செய்வது?

இந்த மாடலின் இயல்பே அது. ஷார்ட்டுக்கு ஒன்று, லாங்குக்கு ஒன்று, லாங் ரைஃபிளுக்கு ஒன்று, அப்புறம் .22 டபிள்யூ.ஆர்.எஃப். என்று வேறொரு பெரிய ரிம்ஃபயர் (விளிம்பில் தீப்பற்றும்) தோட்டாவுக்கு ஒன்று எனத் தனித்தனியாக விற்றார்கள். மூன்றையும் கலந்து போடும் வசதி இதன் தம்பியான 1906க்குத்தான் பிற்பாடு வந்தது. அதற்கு 20 அங்குல உருண்டைப் பேரல். வடிவமைத்தது ஜான் பிரவுனிங்கும் அவர் தம்பி மேத்யூவும். எட்டு லட்சத்துக்கும் மேல் விற்ற துப்பாக்கி இது. அவ்வளவு விற்றும் நல்ல நிலையில் இருப்பவை குறைவு, ஏனென்றால் யாரும் இதைப் பொத்தி வைக்கவில்லை. திருவிழாக்களிலும் கண்காட்சிகளிலும் சுடுகூடம் வைத்தவர்கள் .22 ஷார்ட் 1890ஐத்தான் வரிசையாக அடுக்கி வைத்தார்கள். ஷார்ட்டில் சத்தம் குறைவு, உதை என்று எதுவும் இல்லை, தோட்டாவும் மலிவு. காலையிலிருந்து இரவுவரை ஊர்ப்பட்ட பேர் பம்ப் அடித்துத் தேய்த்தார்கள். உங்களுடையதும் அப்படித் தேய்ந்ததாக இருக்கலாம், முன்பிடி வரியைப் பற்றி நீங்கள் சொன்னதும் எனக்கு அதுதான் தோன்றியது.

மறுபடி நீலம் ஏற்றுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். நான் சேகரிக்கத் தொடங்கிய காலத்தில் பி.எஸ்.ஏ. மார்ட்டினி என்ற பழைய துப்பாக்கி ஒன்றை இப்படித்தான் பளபளப்பாக்கக் கொடுத்தேன். திரும்பி வந்தபோது பேரல் கண்ணாடிபோல இருந்தது, ஆனால் எழுத்தெல்லாம் பாதி கரைந்து, கூர்மையாக இருந்த விளிம்புகள் மழுங்கி, திருகுத் துளைகளைச் சுற்றிக் குழி விழுந்திருந்தது. உங்களிடம் இருப்பது எட்டுப்பட்டை. அதன் அழகே பட்டைகள் சந்திக்கும் அந்தக் கோடுகள்தான். பாலிஷ் சக்கரத்தில் ஒரு முறை அழுத்திவிட்டால் அந்தக் கோடு போனது போனதுதான். பழுப்பு அப்படியே இருக்கட்டும், மெல்லிய எண்ணெய் தடவிப் பழைய பருத்தித் துணியால் துடைத்தால் போதும்.

ஐம்பது மீட்டர் எழுதியது:

மேலே சொன்னதோடு இன்னும் ஒன்று சேர்க்கிறேன், மரையின் சுற்று. லாங் ரைஃபிள் பேரலில் 16 அங்குலத்துக்கு ஒரு சுற்று வழக்கம், குண்டின் எடை 40 கிரெய்ன் (சுமார் 2.6 கிராம்). ஷார்ட்டில் பொதுவாக 29 கிரெய்ன், குண்டும் குட்டை, அதனால் பழைய ஷார்ட் பேரல்களில் 20 அல்லது 24 அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று மெதுவாகத்தான் வெட்டியிருப்பார்கள். நீளமான குண்டை அந்த மெதுவான மரையில் அனுப்பினால் அது போதுமான அளவு சுழலாமல் தள்ளாடத் தொடங்கும், குரூப், அதாவது குண்டுகள் சேர்ந்து விழும் இடம், விரிந்துவிடும். ஆகவே கடைந்த பிறகு குறி இப்போது இருப்பதைவிட மோசமாகத்தான் ஆகும்.

நீங்களே அளந்து பார்க்கலாம். முதலில் மேகஸினும் சேம்பரும் காலியா என்று கண்ணாலும் விரலாலும் பாருங்கள். கைப்பிடி சுழலும் துடைக்கும் கம்பியில் துணியை இறுக்கமாகச் சுற்றி உள்ளே விட்டு, கம்பியின் மேல்பக்கத்தில் ஒரு மை அடையாளம் வையுங்கள். மெதுவாகத் தள்ளுங்கள், அடையாளம் ஒரு முழுச் சுற்றுச் சுற்றி மறுபடி மேலே வரும்போது எத்தனை அங்குலம் போயிருக்கிறது என்று பாருங்கள். இரண்டு மூன்று முறை அளந்து சராசரி எடுத்தால் சரியாக இருக்கும்.

அந்தப் புள்ளி அரிப்புக்கு வருவோம். அநேகமாக உங்கள் மாமாவின் கவனக்குறைவு இல்லை. அந்தக் காலத்துத் தோட்டாக்களின் விளிம்பில் இருந்த தீப்பற்றும் கலவையில் பொட்டாசியம் குளோரேட் இருந்தது. எரிந்தபின் அது பொட்டாசியம் குளோரைடாகப் பேரலில் தங்கும். உப்பு மாதிரிதான், காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்பைத் தின்னும். கரும்பொடி காலத்தில் கரி அவ்வளவு சேர்ந்ததால் எல்லோரும் அன்றன்றைக்கே தண்ணீர் விட்டுக் கழுவினார்கள், உப்பும் சேர்ந்து போனது. புகையில்லாப் பொடி வந்ததும் பேரல் சுத்தமாகத் தெரிந்தது, சும்மா எண்ணெய் போட்டு வைத்தார்கள், எண்ணெய்க்கு உப்பு கரையாது. 1920களின் பிற்பகுதியில் ரெமிங்டன் கிளீன்போர் போன்ற அரிக்காத தோட்டாக்கள் வரும்வரை எத்தனையோ நல்ல .22 பேரல்கள் இப்படித்தான் கெட்டன. அதற்கு முந்தைய துப்பாக்கியில் உள்ளே கண்ணாடிபோல இருந்தால்தான் ஆச்சரியம்.

அரிப்பைப் பார்த்து மனம் தளர வேண்டாம். குண்டு வெளியேறும் முன்வாயின் கடைசி ஒரு அங்குலம் சீராக இருந்தால் மங்கல் பேரலும் நன்றாகவே சுடும். பல பத்தாண்டு ஈயம் அந்தக் குழிகளில் அடைந்திருக்கும், அதை முதலில் எடுங்கள். ஊடுருவும் எண்ணெயை உள்ளே விட்டு ஓர் இரவு விட்டுவிட்டு, காலையில் வெண்கல பிரஷ், அப்புறம் துணி, துணியில் வெள்ளித் துணுக்கு வருவது நிற்கும்வரை. முன்வாயிலிருந்து கம்பியை விட வேண்டியிருந்தால் வாயில் ஒரு பித்தளை வளையம் வைத்து விடுங்கள், கம்பி உரசி அங்கே மரை தேய்ந்தால் அதைத் திருப்ப வழியில்லை.

கடைசல்காரன் எழுதியது:

நான் கடைசல் வேலை செய்பவன், பழைய .22களுக்குப் பேரல் வேலையும் செய்கிறேன். இந்த வேலையை எடுத்து வந்தால் நான் திருப்பி அனுப்பிவிடுவேன். மேலே இரண்டு பேரும் சொன்னது சரி, ஆனால் எதையுமே தொடக்கூடாது என்ற இடத்துக்கு நான் போகமாட்டேன். மரையே இல்லாமல் அரித்துப்போன பேரலாக இருந்தால், உள்ளே துளையைப் பெரிதாக்கிப் புது மரையுள்ள குழாயை இறக்கி ஒட்டலாம். வெளியே எழுத்து, பட்டை, நிறம் எதுவும் மாறாது, அதையும் ஷார்ட்டுக்கே செய்யலாம். சேகரிப்பவர்கள் சிலர் இதைக்கூட ஏற்கமாட்டார்கள், ஆனால் சுடவே முடியாத ஒன்றைச் சுட வைப்பது தவறு என்று எனக்குத் தோன்றவில்லை. உங்களுடையதில் மரை தெரிகிறது என்கிறீர்களே, அப்படியானால் இப்போதைக்கு அதுவும் வேண்டாம்.

யாரும் இன்னும் சொல்லாத ஒன்றை நான் கட்டாயம் சொல்லியாக வேண்டும். இந்த பம்ப்களில் ட்ரிகரை அழுத்திப் பிடித்தபடியே முன்பிடியை முன்னே தள்ளினால், பூட்டியதும் ஹேமர் விழுந்து சுட்டுவிடும். இன்றைய துப்பாக்கிகளில் இதைத் தடுக்கும் ஒரு துண்டு இருக்கும், இதில் இல்லை. பிர்னோ போல்ட்டிலிருந்து வருகிறீர்கள், விரல் பழக்கம் வேறு. பம்ப் அடிக்கும்போது விரல் ட்ரிகர் வளையத்துக்கு வெளியே. முதல் நாள் மேகஸினில் இரண்டு தோட்டாவுக்கு மேல் போடாதீர்கள்.

காலித் துப்பாக்கியில் ட்ரிகரை இழுத்து விளையாடுவதும் கூடாது. ரிம்ஃபயரில் பின் தோட்டாவின் விளிம்பை நசுக்கித்தான் தீப்பற்ற வைக்கிறது. தோட்டா இல்லாவிட்டால் அந்தப் பின் நேரே சேம்பரின் உதட்டில் போய் இடிக்கும். தொடர்ந்து இடித்தால் அங்கே ஒரு பள்ளமும் உள்பக்கம் ஒரு மேடும் உண்டாகும், அப்புறம் தோட்டா உள்ளே போகாது, சுட்ட கூடும் வெளியே வராது. என்னிடம் வரும் பழைய .22களில் பாதிக்கு இதுதான் நோய். சுடுவதற்கு முன் சேம்பர் உதட்டை ஒரு விளக்கு பிடித்துப் பாருங்கள்.

தோட்டா விஷயத்தில், சாதாரண வேக ஷார்ட் மட்டும் வாங்குங்கள். அதிவேக .22 தோட்டாக்கள் 1930 வாக்கில் வந்தவை, உங்கள் துப்பாக்கியின் பாகங்கள் அவற்றை எண்ணிச் செய்தவை அல்ல. முதல் பத்துக் கூடுகளை எடுத்து வைத்துப் பாருங்கள். விளிம்பு பிளந்திருந்தாலோ கூடு உப்பியிருந்தாலோ அத்தோடு நிறுத்திவிட்டு யாரிடமாவது காட்டுங்கள்.

எட்டுப்பட்டை எழுதியது:

மூவருக்கும் நன்றி. கடையக் கொடுக்கவில்லை, நீலமும் வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

கம்பி போட்டு மூன்று முறை அளந்தேன், 20 அங்குலத்துக்கு ஒரு சுற்று. சேம்பர் உதட்டில் சின்னத் தடம் ஒன்று இருக்கிறது, மேடு இல்லை, தோட்டா தடையில்லாமல் போய் வருகிறது. ஈயம் எடுக்க இரண்டு இரவு ஆனது. வந்த ஈயத்தைப் பார்த்து அசந்துவிட்டேன், சுருள் சுருளாக. அதற்குப் பிறகு உள்ளே பார்த்தால் புள்ளிகள் அப்படியேதான் இருக்கின்றன, ஆனால் மரையின் விளிம்பு நான் நினைத்ததைவிடக் கூர்மை.

தேடி இரண்டு பெட்டி சாதாரண வேக ஷார்ட் வாங்கினேன். நேற்று சுடுதளத்தில் 25 மீட்டரில், சாய்மானம் வைத்து, அதே திறந்த சைட்டில் பத்துக் குண்டு. எட்டு ஒரு தீப்பெட்டி மறைக்கும் இடத்துக்குள், இரண்டு சற்று வெளியே. அந்த இரண்டும் என் தவறு என்றுதான் நினைக்கிறேன், கை பழகவில்லை. பிர்னோவில் சுட்டால் இதில் பாதிக்குள் வந்திருக்கும், ஆனால் பிர்னோவில் சுட்டுவிட்டு நான் இப்படி வீட்டுக்கு வந்து உடனே எழுத உட்கார்ந்ததில்லை. சத்தம் ஒரு கைதட்டு அளவுக்குத்தான் இருந்தது. ஒவ்வொரு முறை முன்பிடியைப் பின்னே இழுக்கும்போதும் அந்தக் குட்டிக் கூடு எகிறி விழுவதும், முன்னே தள்ளும்போது தடங்கலே இல்லாமல் அடுத்தது ஏறுவதும், நூறு வருஷத்துக்கு முன்பு செய்த பொருள் என்று நம்ப முடியவில்லை. கூடுகள் எல்லாம் பார்த்தேன், பிளவு இல்லை.

ஒரே ஒரு குறை. பின் சைட்டின் கீழே இருக்க வேண்டிய படிப்படியான ஆப்பு காணோம், யாரோ அதற்குப் பதில் ஒரு தகரத் துண்டை மடித்துச் செருகியிருக்கிறார்கள். அதனால் எல்லாம் நான்கு விரற்கடை உயரமாக விழுகிறது. நான் தாழ்த்திக் குறி வைத்துத்தான் சமாளித்தேன்.

ஐம்பது மீட்டர் எழுதியது:

அந்தப் பேரலுக்கு இது நல்ல குரூப். வெளியே போன இரண்டும் முதல் இரண்டு குண்டுகளா என்று அடுத்த முறை குறித்துக்கொள்ளுங்கள். ஈயமும் எண்ணெயும் முழுக்க எடுத்த பேரல், தோட்டாவின் மெழுகு ஒரு சீராகப் படியும்வரை முதல் சில குண்டுகளைத் தள்ளி அனுப்பும். அப்படியானால் தவறு உங்கள் கையில் இல்லை. இனி ஒவ்வொரு முறையும் பிரஷ் போடாதீர்கள், சுட்டு முடித்ததும் ஒரு துணி மட்டும் போதும்.

மார்ட்டினி பிரியன் எழுதியது:

தகரத் துண்டைத் தூக்கி எறிந்துவிடாதீர்கள், மாமா வைத்ததாகக்கூட இருக்கலாம். ஆப்பு என்னிடம் உதிரிப் பெட்டியில் இரண்டு கிடக்கிறது, இரண்டும் வெவ்வேறு உயரம். சைட்டின் நடுவில் ஆப்பு நுழையும் பிளவின் அகலத்தையும், சைட்டின் அடிக்கும் பேரலுக்கும் இடையே உள்ள உயரத்தையும் அளந்து எழுதுங்கள், பொருந்துவதை அனுப்பி வைக்கிறேன்.