ராயபுரம் ஹாஸ்டல்: ஒரே ரூம், ரெண்டு பேர், எப்படிப் பிரிக்கிறது?

ராத்திரிப்புள்ளி:
முதுநிலை மாணவிகள் விடுதி. ரூம் பத்துக்குப் பன்னிரண்டு. ரெண்டு இரும்புக் கட்டில், ரெண்டு மேஜை, ஒரு பீரோ. கிழக்கே ஒரே ஜன்னல், நேர் எதிரே கதவு. ரூம்மேட்டுக்குக் காலையில ஏழு மணி டூட்டி, பத்து மணிக்கே படுத்துடுவாங்க. எனக்கு ரெண்டு மணி வரைக்கும் தீசிஸ். சுவத்துல ஆணி அடிக்கக் கூடாதாம். நடுவுல பிளைவுட் தட்டி நிறுத்தலாமா?

வடசென்னைவாசி:
பீரோவைத் திருப்பி நடுவுல வைங்க. முடிஞ்சுது.

காசிமேட்டு ஆசாரி:
பீரோவும் வேணாம், தட்டியும் வேணாம்மா. மத்தியானத்துக்கு மேல நம்ம பக்கம் கடல் காத்து கிழக்கேயிருந்துதான் வரும். ஜன்னலுக்கும் கதவுக்கும் நடுவுல எதை நிறுத்தினாலும் மே மாசம் கரண்ட் போற அன்னிக்கு ரெண்டு பேரும் வெந்துடுவீங்க. யாராவது எம்.டி.எஃப் (மர நாரைப் பசை போட்டு அழுத்தின பலகை) மலிவுன்னு சொல்வாங்க, வாங்கிடாதே. ஓதத்துல ஓரம் பொரிச்ச அப்பளமா உப்பிடும். பலகைதான்னு அடம்பிடிச்சா ஐ.எஸ் 710 முத்திரை பாத்து வாங்கு, அது ஓதம் தாங்குற மரைன் பிளைவுட்.

ஆனா உனக்கு மறைக்க வேண்டியது வெளிச்சம் மட்டும்தானே? டியூப் லைட்டை அணைச்சிடு. மேஜை சுவரைப் பாத்து இருக்கட்டும். கழுத்து வளையுற டேபிள் லேம்ப், மஞ்சள் பல்பு, மூடி கீழ பாத்தாப்ல. அவங்க கட்டில்ல கொசுவலைக் கம்பி இருக்கும் (இந்த ஏரியாவுல அது இல்லாம யார் தூங்குறா!), அதுலயே உன் மேஜைப் பக்கம் மட்டும் கெட்டித் திரைத்துணி தொங்கவிடு. பாரிஸ் பக்கம் துணிக்கடை கோடவுன் தெருவுல மீட்டர் கணக்குல கிடைக்கும். அடர் நீலம் எடு. ஆணிக்கு வேலையே இல்ல.

பீரோ சுவத்தை ஒட்டி இருந்தா நாலு விரல் தள்ளி வைம்மா, சர்டிபிகேட்ல பூசணம் புடிக்கும். கட்டில் கால் துருப்புடிச்சிருக்குமே? உப்புத்தாள் போட்டுத் தேச்சு, ரெட் ஆக்சைடு பிரைமர் (துரு தடுக்கிற அடிப்பூச்சு) ஒரு கோட், நல்லா காஞ்சப்புறம் எனாமல். துரு மேலயே பெயிண்ட் அடிக்கிறவங்களைப் பாத்தா எனக்குக் கை பதறும். உப்புக் காத்து சும்மா விடுமா?

ராத்திரிப்புள்ளி:
கொசுவலைக் கம்பி தோணவே இல்லண்ணா. ஆனா துணி போட்டா அவங்களுக்கு ஃபேன் காத்து வருமா?

காசிமேட்டு ஆசாரி:
மேல மூடாதே, ஒரு பக்கம் மட்டும்தான். கால்மாடும் திறந்தே கிடக்கட்டும். துணியை ஒரு தடவை தண்ணியில அலசிட்டு அப்புறம் தைக்கக் குடு, இல்லன்னா முதல் துவையல்லயே சுருங்கி முழங்கால் உசரத்துல நிக்கும். அவங்களையும் ஒரு வார்த்தை கேட்டுக்கம்மா, கட்டில் அவங்களோடது.