33 நாள் அர்ப்பணத் தயாரிப்பு: தமிழ் செபங்கள் எங்கே கிடைக்கும்?

மரியே வாழ்க! எங்கள் அன்பியத்தில் (பங்கில் அக்கம்பக்கத்துக் குடும்பங்கள் கூடும் சிறு குழு) சில குடும்பங்கள் சேர்ந்து, பிரெஞ்சுக் குருவான புனித லூயிஸ் தெ மோன்போர்ட் காட்டிய வழியில் அன்னை மரியாவுக்கு எங்களை அர்ப்பணிக்க ஆசைப்படுகிறோம். ஆகஸ்ட் 6 தொடங்கினால், அன்னையின் பிறந்தநாளான செப்டம்பர் 8 அன்று அர்ப்பண செபம் சொல்லலாம். வேளாங்கண்ணித் திருவிழாவும் அன்றுதானே!

முதல் 12 நாள் உலகப் பற்றை விடுவது. அப்புறம் ஒரு வாரம் தன்னை அறிவது, அடுத்து மரியாவை, கடைசியில் இயேசுவை. தன்னை அறியும் வாரம்தான் எங்களுக்கு மிகவும் தேவை. தினமும் செபமாலை சொல்கிறோம், ஆனாலும் வீடுகளில் மனத்தாங்கல்கள் அப்படியே இருக்கின்றன.

அந்தந்த நாளுக்கான வாசகங்களும் செபங்களும் எளிய தமிழில் எங்கே கிடைக்கும்? எழுத்து பெரிதாக இருந்தால் பெரியவர்களுக்கு வசதி. பிள்ளைகளோடு செய்தவர்கள், தினமும் எவ்வளவு நேரம் ஒதுக்கினீர்கள் என்று தயவுசெய்து சொல்லுங்கள்.