பிளேட்டில் செவ்வாரஞ்சு, பிராத்தில் மஞ்சள்: பாராகாக்கஸ் நிறமி எங்கே தடைபடுகிறது?

உப்புநீர்:
கடல்நீரில் பிரித்த பாராகாக்கஸ் பாக்டீரியா. ஜோபெல் மரைன் அகார் (கடல் பாக்டீரியாவுக்கான திட ஊடகம்) பிளேட்டில் காலனி நல்ல செவ்வாரஞ்சு. 250 மி.லி. ஃபிளாஸ்க்கில் 150 மி.லி. மரைன் பிராத் (அதே ஊடகத்தின் திரவ வடிவம்), 28 டிகிரி, 120 ஆர்.பி.எம். வளர்ச்சிக்குக் குறையில்லை, ஆனால் சுழற்றிப் படியவைத்த செல் திரள் (பெல்லெட்) மஞ்சள்தான். மெத்தனாலில் ஊறவைத்தாலும் பெல்லெட் வெளுக்கவில்லை. செவ்வாரஞ்சு நிறமியான ஆஸ்டாக்சாந்தின் அளக்கணும். ஜீன் கெட்டிருக்குமா?

அலைவரிசை:
ஜீன் இருக்கட்டும், முதலில் ஃபிளாஸ்க்கைப் பாருங்க. 250-ல் 150 ஊற்றினால் காற்று எங்கே கரையும்?

செல் இந்த நிறமியைப் படிப்படியாகத்தான் செய்கிறது. தொடக்கப் பொருளான ஃபைட்டோயீனுக்கு நிறமே கிடையாது. அதிலிருந்து லைகோபீன், பிறகு பீட்டா கரோட்டின். அதுவரை வெறும் கார்பனும் ஹைட்ரஜனும்தான். ஆஸ்டாக்சாந்தின் ஆக, இரண்டு முனை வளையங்களிலும் 3-ஆம் கார்பனில் ஹைட்ராக்சிலும் 4-ஆம் கார்பனில் கீட்டோவும் ஏறணும். ஹைட்ராக்சிலை ஏற்றுவது சிஆர்டி-இசட் என்ற நொதி, கீட்டோவை ஏற்றுவது சிஆர்டி-டபிள்யூ என்ற நொதி. இரண்டுக்கும் ஆக்சிஜனும் ஃபெரஸ் இரும்பும் வேண்டும். ஒகினாவா கடலில் கிடைத்த என்-81106 என்ற பாராகாக்கஸ் ஸ்ட்ரெயினின் ஜீன்களை வைத்து மிசாவா குழு 1995-ல் காட்டிய பாதை இதுதான். காற்று போதாவிட்டால் பீட்டா கரோட்டினிலோ இடைநிலைகளிலோ தேங்கிவிடும். உங்க மஞ்சள் அதுவாகத்தான் இருக்கும்.

அதே ஃபிளாஸ்க்கில் 30 மி.லி., 180 முதல் 200 ஆர்.பி.எம்., முடிந்தால் பேஃபிள் (உட்புற மடிப்பு) உள்ள ஃபிளாஸ்க். வளர்ச்சி நின்ற பிறகும் ஒரு நாள் விட்டு அறுவடை பண்ணுங்க. ரெடிமேட் பிராத் பொடியில் லிட்டருக்கு 0.1 கிராம் ஃபெரிக் சிட்ரேட் இருக்கு. செயற்கைக் கடல்நீரில் நீங்களே மீடியா தயாரித்தால் இரும்பு விடுபட்டதா பாருங்க.

நீலத்திமிலம்:
பிரித்தெடுப்பிலும் கோளாறு இருக்கு. பெல்லெட்டைக் காய்ச்சி வடித்த நீரில் கழுவாதீங்க. செல் உடைந்து டி.என்.ஏ. வெளியே வந்து கோழையாகி, குழாயில் ஒட்டிக்கொள்ளும். 2.5% உப்புக் கரைசல் போதும். மெத்தனால் மட்டும் பத்தாது. 10 மி.லி. கல்ச்சரின் பெல்லெட்டுக்கு அசிட்டோன்–மெத்தனால் 7:3 ஒரு மி.லி., அதில் நிறமி ஆக்சிஜனேறாமல் காக்கும் 0.1% பி.எச்.டி. (BHT), கொஞ்சம் கண்ணாடி மணி. பனிக்கட்டியில் வைத்து வோர்டெக்ஸ், பிறகு இருட்டில் அரை மணி. பெல்லெட் வெளுக்கும்வரை திரும்பச் செய்து எல்லாச் சாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்க.

எஸ்டரை உடைக்கக் காஸ்டிக் காரம் சேர்க்கும் படி வேண்டாம். ஹீமட்டோகாக்கஸ் பாசியில் ஆஸ்டாக்சாந்தின் எஸ்டராக இருப்பதால் அங்கே அந்தப் படி வருகிறது. அதைப் பாக்டீரியாவுக்கும் காப்பியடிக்கிறவர்கள் நிறைய. இங்கே அது எஸ்டராக இல்லை. காரமும் காற்றும் சேர்ந்தால் ஆஸ்டாக்சாந்தின் அஸ்டசீன் என்ற வேறு பொருளாகிவிடும்.

உப்புநீர்:
நன்றி. ஸ்பெக்ட்ரத்தில் எப்படிப் பிரித்தறிவது?

நீலத்திமிலம்:
அசிட்டோனில் ஆஸ்டாக்சாந்தின் 475–480 நானோமீட்டரில் ஒரே அகன்ற மேடு. பீட்டா கரோட்டினும், இடைநிலையான ஜியாசாந்தினும் 450, 478 பக்கம் இரண்டு முகடு காட்டும். மொத்த நிறமி மைக்ரோகிராமில்: உறிஞ்சளவு × சாற்றின் மி.லி. × 10,000 ÷ 2500 (கரோட்டினாய்டுகளுக்கான பொது உறிஞ்சு குணகம்). உறிஞ்சளவு 0.5, சாறு 5 மி.லி. என்றால் 10 மைக்ரோகிராம். உறிஞ்சளவு 0.8-ஐத் தாண்டினால் சாற்றை நீர்க்கவைத்து மறுபடி அளவெடுங்க. இது கலவையின் மொத்தம்தான். ஆஸ்டாக்சாந்தின் தனியாக வேணும்னா ஸ்டாண்டர்டோடு (தூய ஒப்பீட்டு மாதிரியோடு) நிறமிகளைத் தனித்தனியாகப் பிரிக்கும் எச்.பி.எல்.சி. ஓட்டணும்.