கேப்ரியல் ஒகாராவின் நாவலில் ஆங்கிலம் ஏன் இப்படி இருக்கிறது?

கேள்வி (கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு)

வணக்கம். நான் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமுமாக வளர்ந்தவள். என் மலையாளக் கட்டுரைகளில் தமிழ் வாடை அடிப்பதாகச் சொல்லி, ஆசிரியர் சிவப்பு மையால் சுழித்துக் கொடுப்பார். இப்போது நைஜீரியக் கவிஞரும் நாவலாசிரியருமான கேப்ரியல் ஒகாராவின் ‘தி வாய்ஸ்’ நாவலைப் படிக்கிறேன். கதைநாயகன் ஒகோலோவுக்கு நெஞ்சு இல்லை, நிழல் இல்லை என்று ஊரார் பேசுவதில் கதை தொடங்குகிறது. பல வாக்கியங்களில் வினைச்சொல் கடைசியில் வந்து நிற்கிறது. இது பிழையா, வேண்டுமென்றே செய்ததா?

மறுமொழி (நகரி, ஆந்திரம்)

வேண்டுமென்றே செய்ததுதான், சகோதரி. ஒகாராவின் தாய்மொழி நைஜர் கழிமுகத்தில் வழங்கும் இஜோ. தமிழைப் போலவே அதிலும் வினை இறுதியில்தான் வரும். தம் மக்களின் எண்ணத்தையும் சொல்லாட்சியையும் கூடுமானவரை சொல்லுக்குச் சொல் ஆங்கிலத்தில் கொண்டுவருவதே தம் முறை என்று 1963-ல் ஒரு கட்டுரையில் அவரே விளக்கினார். மறு ஆண்டு இந்த நாவல் வந்தது. கோழையை நெஞ்சில்லாதவன், நிழலில்லாதவன் என்பது இஜோ வழக்கு. நெஞ்சில்லாத உடலும் நிழல் விழாத ஆளும் இருக்க முடியாது என்பதால், அஞ்சி நடுங்குபவன் வாழத் தகுதியற்றவன் என்பது அதன் உட்பொருள். ‘நெஞ்சுரம்’ என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே பிடிபடும்.

மறுமொழி (சித்தூர், பாலக்காடு)

நாவலோடு நின்றுவிடாமல் கவிதைகளையும் படியுங்கள். 1953-ல் பரிசு பெற்ற ‘தி கால் ஆஃப் தி ரிவர் நன்’ கவிதையில், மலைகள் சூழ்ந்த இடத்தில் இருப்பவருக்குப் பிறந்த மண்ணின் நன் ஆறு தம்மை அழைப்பது கேட்கிறது. வளைகுடாவில் பல ஆண்டுகள் வேலை பார்த்த என் அண்ணனுக்கு அதைத் தமிழில் சொல்லிக் காட்டியபோது, அவர் வெகுநேரம் பேசாமல் இருந்துவிட்டு, சித்தூர்ப் புழையில் இப்போது தண்ணீர் எவ்வளவு போகிறது என்று மட்டும் கேட்டார்.

1921-ல் பிறந்த ஒகாராவின் கையெழுத்துப் படிகள் பல உள்நாட்டுப் போரில் அழிந்தன. அவருடைய முதல் கவிதைத் தொகுப்பு 1978-ல்தான் வெளிவந்தது; மறு ஆண்டு காமன்வெல்த் கவிதைப் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். 2019-ல், 97 வயதில் காலமானார். அந்த இழப்பை நினைக்கும்போது எனக்கு ஆறவே மாட்டேன் என்கிறது.

கேட்டவர்

இருவருக்கும் நன்றி. ஒகோலோ ஊரெல்லாம் தேடும் பொருளுக்கு ‘அது’ என்பதைத் தவிர நாவலில் பெயரே இல்லை. நேற்றிரவு முதல் பக்கத்தைத் தமிழில் எழுதிப் பார்த்தேன். ‘நெஞ்சு’ என்ற இடத்தில் வேறு சொல் தேட வேண்டியிருக்கவில்லை.