பைக்கில் மேப்: சார்ஜ் ஏறவில்லை, ஹெல்மெட்டில் குரல் பாதிதான் கேட்கிறது, உதவி தேவை

கேள்வி (திருப்பூர்)

வணக்கம் நண்பர்களே. 150 சிசி பைக் வைத்திருக்கிறேன். திருப்பூரிலிருந்து பொள்ளாச்சி, ஆழியாறு வழியாக வால்பாறைக்குப் போகத் திட்டம். அதற்கு முன் எல்லாவற்றையும் சரிபார்க்கலாம் என்று தாராபுரம் வரை ஓட்டிப் பார்த்தேன். ஒரே பயணத்தில் இத்தனை தொல்லைகளா என்று ஆகிவிட்டது.

ஹேண்டில்பாரில் யூஎஸ்பி சார்ஜர் மாட்டியிருக்கிறேன். அதன்மேல் 2 ஆம்பியர் என்று அச்சிட்டிருக்கிறது. சார்ஜ் ஏறும் குறி திரையில் தெரிகிறது, ஆனால் மேப் ஓடும்போது சதவீதம் குறைந்துகொண்டே வருகிறது. நண்பகலில் திரை மங்கி, கைபேசி சூடாகிவிட்டது என்று அறிவிப்பும் வந்தது. மழைக்காக ஒளி ஊடுருவும் பிளாஸ்டிக் பையுள்ள ஹோல்டர்தான் பயன்படுத்துகிறேன்.

ஹெல்மெட்டில் பொருத்திய ப்ளூடூத் ஹெட்செட்டில் பாட்டு தெளிவாகக் கேட்கிறது. மேப்பின் குரல் மட்டும் பாதியில் தொடங்குகிறது. "திரும்பவும்" என்பது கேட்கிறது. இடமா வலமா என்பது கேட்பதில்லை. சந்திப்பில் இது எவ்வளவு ஆபத்து என்று உங்களுக்குத் தெரியும்.

இன்னொன்று: சார்ஜர் மாட்டிய பிறகு ஒரு வாரம் வண்டியை எடுக்காமல் விட்டால் செல்ஃப் எடுப்பதில்லை. உதைத்துத்தான் கிளப்ப வேண்டியிருக்கிறது.

பதில் (ஈரோடு, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்)

தம்பி, கடைசியில் சொன்னதிலிருந்து தொடங்குகிறேன். சார்ஜரின் வயர் நேராக பேட்டரியில் போயிருக்கிறதா? அதில் வோல்ட் காட்டும் சிறு விளக்கு இருக்கிறதா? இரண்டும் ஆம் என்றால் காரணம் அங்கேயே இருக்கிறது. சாவியை எடுத்த பிறகும் அந்தச் சார்ஜர் கொஞ்சம் கொஞ்சமாக மின்சாரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். 20 மில்லி ஆம்பியர் இழுத்தால்கூட ஒரு நாளைக்கு ஏறத்தாழ அரை ஆம்பியர்-மணி. 5 ஆம்பியர்-மணி பேட்டரியில் ஒரு வாரத்தில் பெரும்பகுதி போய்விடும்.

ஒரு ரிலே போடுங்கள், சாவி திறந்தால் மட்டும் சார்ஜருக்கு மின்சாரம் விடும் சிறு சுவிட்ச் அது. அதன் முனைகளில் எண்கள் இருக்கும்: பேட்டரி பாசிட்டிவிலிருந்து ஃபியூஸ் வழியாக 30, அங்கிருந்து 87 வழியாகச் சார்ஜர். 85, 86 இரண்டில் ஒன்று எர்த், மற்றொன்று சாவி திறந்தால் மட்டும் மின்சாரம் வரும் வயர். 3 ஆம்பியர் ஃபியூஸ் போதும், ஆனால் அது பேட்டரிக்குப் பக்கத்தில் இருக்க வேண்டும். சார்ஜர் பக்கத்தில் ஃபியூஸை வைத்துவிட்டு, நடுவில் வயர் தேய்ந்து சேஸிஸில் பட்டால் அந்த ஃபியூஸால் ஒரு பயனும் இல்லை. பெட்ரோல் டேங்குக்கு அடியில் போகும் வயர் இது, அலட்சியம் கூடாது. பழைய வண்டிகள் சிலவற்றில் ஹெட்லைட்டுக்கு ஏசி (மாறுதிசை) மின்சாரம் போகும். அந்த வயரிலிருந்து மட்டும் எடுத்துவிடாதீர்கள்.

சதவீதம் ஏன் இறங்குகிறது என்பதற்கு ஒரு யூஎஸ்பி மீட்டர் வாங்கி நடுவில் செருகிப் பாருங்கள். எத்தனை ஆம்பியர் போகிறது என்று சொல்லுங்கள்.

கேட்டவர்

நன்றி அண்ணா. நேராக பேட்டரியில்தான் கொடுத்திருக்கிறார்கள், நீல விளக்கும் எரிந்துகொண்டேதான் இருக்கிறது. மீட்டரில் 0.45 ஆம்பியரைத் தாண்டவில்லை. இதே கைபேசியை வீட்டுச் சார்ஜரில் போட்டால் ஒன்றரைக்கு மேல் காட்டுகிறது.

பதில் (ஈரோடு, ஆட்டோ எலெக்ட்ரீஷியன்)

அப்படியானால் கைபேசியில் பழுது இல்லை. யூஎஸ்பியில் டேட்டாவுக்கென்று இரண்டு முனைகள் உண்டு. சார்ஜருக்குள் அவற்றை முறையாக இணைத்திருந்தால்தான் இது சார்ஜர் என்று கைபேசிக்குத் தெரியும். இல்லாவிட்டால் கணினியில் செருகியதாக எண்ணி அரை ஆம்பியரோடு நிறுத்திக்கொள்ளும். 5 வோல்ட்டில் அரை ஆம்பியர் என்றால் 2.5 வாட். வெயிலுக்காகத் திரையை முழு வெளிச்சத்தில் வைத்து, ஜிபிஎஸ்ஸும் டேட்டாவும் ஓடும்போது அது எப்படிப் போதும்? முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள், நீளமான மெல்லிய கேபிளிலும் வோல்ட் இறங்கிவிடும். மாற்றியும் அதே எண் காட்டினால் சார்ஜரைத் தூக்கிப் போடுங்கள்.

எல் வடிவ முனையுள்ள குட்டையான கேபிளாக வாங்கினால் அதிர்வில் கழன்று வராது. ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பார்த்து, கேபிள் இழுபடாமல் இருக்கும்படி கட்டுங்கள்.

பதில் (கோயம்புத்தூர்)

அந்தப் பிளாஸ்டிக் பையை இன்றே கழற்றிவிடுங்கள். வெயிலை உள்ளே விட்டு வெப்பத்தை வெளியே விடாமல் வைத்துக்கொள்ளும். மேலிருந்து வெயில், உள்ளிருந்து சார்ஜ் ஏறும் சூடு, காற்றுக்கு வழியில்லை. கைபேசி தன்னைக் காத்துக்கொள்ளத் திரையை மங்கவைக்கிறது, சார்ஜ் ஏறுவதையும் குறைக்கிறது. ஆக, சார்ஜரை மாற்றினாலும் இந்தப் பை இருக்கும்வரை உங்கள் பிரச்சினை பாதிதான் தீரும். நான்கு மூலையிலும் பிடிக்கும் திறந்த ஹோல்டர் வாங்குங்கள், கைபேசியின் பின்னுறையையும் கழற்றிவிட்டு மாட்டுங்கள்.

கேமராவையும் யோசியுங்கள். படம் அசையாமல் எடுப்பதற்காக லென்ஸ் நுண்ணிய அளவில் நகரும் அமைப்புள்ள கைபேசிகளுக்கு பைக் அதிர்வு ஆகாது. ஆப்பிள் நிறுவனமே 2021 செப்டம்பரில் இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. கட்டாயம் மாட்டித்தான் ஆக வேண்டுமென்றால் அதிர்வு தாங்கும் ரப்பர் அமைப்புள்ள ஹோல்டராக இருக்கட்டும்.

பதில் (சென்னை)

எல்லோரும் ஹேண்டில்பாரைச் சரிசெய்யச் சொல்கிறீர்கள். நான் ஹெல்மெட்டை முதலில் சரிசெய்யச் சொல்வேன். குரல் முழுதாகக் கேட்டால் திரை எதற்கு? கைபேசியைத் திரை அணைத்துச் சட்டைப்பையில் போட்டுவிட்டு ஓட்டலாம். வெயில், அதிர்வு, சார்ஜ் என்று நீங்கள் எழுதியதில் பெரும்பகுதி அப்போதே போய்விடும்.

முதல் சொற்கள் விழுங்கப்படுவதற்குக் காரணம் இது: ஒலி எதுவும் வராத நேரத்தில் ஹெட்செட் மின்சாரத்தை மிச்சப்படுத்த உறங்கிவிடும். மேப் பேசத் தொடங்கியதும் விழித்துக்கொள்ள ஒரு நொடி ஆகும். அந்த நொடியில்தான் "இடதுபுறம்" போய்விடுகிறது. மிகக் குறைந்த ஒலியில் ஏதாவது ஒரு பாட்டை ஓடவிடுங்கள், உறக்கத்துக்கே இடமில்லை. பாட்டு தெளிவாகக் கேட்பதாக எழுதியிருக்கிறீர்கள், எனவே இணைப்பில் குறையில்லை. கூகுள் மேப்ஸ் அமைப்புகளில் ப்ளூடூத் வழியே குரல் வரும் தெரிவு இயங்குகிறதா என்றும் பாருங்கள். குரலைத் தமிழில் வைத்துக்கொள்ளலாம்.

ஸ்பீக்கர் காதுத் துளைக்கு நேராக இருக்க வேண்டும். ஒரு சென்டிமீட்டர் விலகினாலே காற்றின் இரைச்சலில் பாதி காணாமல் போகும். ஆனால் ஸ்பீக்கருக்கு இடம் செய்வதற்காக ஹெல்மெட்டுக்குள் இருக்கும் தெர்மகோலைச் செதுக்காதீர்கள். அடிபட்டால் தலையைக் காப்பது அதுதான்.

பதில் (மதுரை)

சென்னை நண்பர் சொல்வது நெடுஞ்சாலைக்குப் பொருந்தும். ஊருக்குள் ஐந்து தெரு கூடும் இடத்தில் "லேசாக வலதுபுறம்" என்றால் எந்தத் தெரு? அங்கே திரை வேண்டும். வழி பார்ப்பதற்குச் சட்டமும் இடம் தருகிறது. 2020 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த மத்திய மோட்டார் வாகன விதித் திருத்தம், ஓட்டுபவரின் கவனம் சிதறாத வகையில் வழி பார்க்க மட்டும் கைபேசியைப் பயன்படுத்தலாம் என்கிறது.

பதில் (சென்னை)

ஏற்கிறேன். ஆனால் அந்தக் குழப்பமான சந்திப்பில் ஓரமாக நிறுத்தி, எடுத்துப் பார்த்துவிட்டுப் போகலாமே. ஓடும் வண்டியில் தெருவைத் தேடும் கண் முன்னால் போகும் பஸ்ஸைப் பார்க்காது.

பதில் (பொள்ளாச்சி)

எங்கள் பக்கம் வருவதால் சொல்கிறேன். ஆழியாறிலிருந்து ஏறினால் 40 கொண்டை ஊசி வளைவுகள். வழி ஒன்றுதான், மேப் பார்க்கவே தேவையில்லை. பல இடங்களில் சிக்னலும் கிடைக்காது. அந்தப் பகுதி முழுவதையும் வீட்டிலேயே ஆஃப்லைன் மேப்பாகப் பதிவிறக்கிக்கொண்டு வாருங்கள். ஜிபிஎஸ்ஸுக்கு சிம் தேவையில்லை, இருப்பிடம் காட்டும். போக்குவரத்து நெரிசல் மட்டும் தெரியாது.

பருவமழை நேரமென்றால் இன்னொரு கவலை. சார்ஜ் துளையில் ஈரம் பட்டால் பல கைபேசிகள் சார்ஜை மறுத்துவிடும். ஊதியோ சூடுகாட்டியோ பார்க்காமல், துளை கீழ்நோக்கி இருக்கும்படி வைத்துக் காயவிடுங்கள். மழையில் பவர்பேங்கும் கைபேசியும் தோள்பைக்குள் இருப்பதே நல்லது.

கேட்டவர்

எல்லோருக்கும் நன்றி. ரிலே போட்டு, சார்ஜரையும் கேபிளையும் மாற்றினேன். மீட்டர் இப்போது 1.6 காட்டுகிறது. பையைக் கழற்றியாகிவிட்டது. மெல்லிய ஒலியில் நாதஸ்வரம் ஓடவிட்டுப் பல்லடம் வரை போனேன், குரல் முதல் சொல்லிலிருந்தே கேட்கிறது. திரையை அணைத்தும் ஓட்டிப் பார்த்தேன். நெடுஞ்சாலையில் இனி அப்படித்தான். ஊருக்குள் மட்டும் ஹோல்டரில் மாட்டுவேன்.

ஒரு சந்தேகம் பாக்கி: திரையை அணைத்துச் சற்று நேரம் கழித்துக் குரல் தானாக நின்றுவிடுகிறது. மறுபடி திரையைத் திறந்தால் பேசுகிறது.

பதில் (சென்னை)

பேட்டரி சேமிப்பு முறை இயங்கிக்கொண்டிருக்கும், அதை அணையுங்கள். பிறகு அமைப்புகளில் மேப்ஸ் செயலிக்கு மட்டும் பேட்டரிக் கட்டுப்பாடு இல்லை என்று வைத்துவிடுங்கள்.

கேட்டவர்

அதுதான். இப்போது நிற்கவில்லை.